மலட்டுக்கொடி என்று வெட்டுமுன்: பூ எந்த மகரந்தத்தை மறுக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

கல்லடியில் எங்கள் வளவு வேலியில் ஒரு கொடித்தோடை படர்ந்திருந்தது. பேஷன் புரூட் என்று கடையில் விற்பார்களே, அதில் மஞ்சள் பழ இனம். இரண்டு வருடம் வேலி நிறையப் பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. பூத்த மூன்றாம் நாள் காம்போடு கழன்று விழும். பக்கத்து வீட்டு ஆச்சியின் வேலியிலும் ஒரு கொடித்தோடை, அதிலும் இதே கதைதான். ஒரு நாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இது மலட்டுக்கொடி மனே, வெட்டிப்போட்டுப் பாகல் நடு. நானும் அதைத்தான் செய்யப் போறன்" என்றார்.

வெட்டவில்லை. அந்தக் கொடியில் ஒரு குறையும் இருக்கவில்லை. தன் பூவின் மகரந்தத் தூளை அது அடையாளம் கண்டு ஒதுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதைத் தன்னொவ்வாமை என்பார்கள். பாடக் குறிப்புகளில் தன்மலட்டுத்தன்மை என்றும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. மலடு என்றால் முடியாதது என்று பொருள்படுகிறது. இந்தக் கொடிக்கு முடியும், வேறொரு கொடியின் தூள் வேண்டும் என்று கேட்கிறது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஆகிய இரு சாராரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பூவுக்குள் நடப்பதை முதலில் சொல்கிறேன். அப்புறம் அதைச் சோதித்துப் பார்க்கும் முறை.

குறியில் விழுந்த மணிக்கு என்ன நடக்கிறது

பூவின் பெண் பகுதிக்கு உச்சியில் குறி, அதன் கீழே தண்டு போல தம்பம், அடியில் சூலகம், சூலகத்துக்குள் பின்னர் விதையாகும் சூல்வித்துகள். மகரந்தமணி குறியில் ஒட்டினால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. மணி காய்ந்த நிலையில் வருகிறது. குறியிலிருந்து நீரை உறிஞ்சி ஊத வேண்டும், பிறகு முளைக்க வேண்டும். முளைத்து வரும் மகரந்தக்குழாய் தம்பத்துக்குள் இறங்கி, சூலகத்தை அடைந்து, ஒரு சூல்வித்தைத் தேடிப் போய்த் தன் ஆண் புணரிகளை, அதாவது ஆண் இனக்கலங்களை, அதில் சேர்க்க வேண்டும். இந்தப் பாதை முழுவதும் பெண் பகுதியின் உயிருள்ள இழையங்களுக்குள்ளே போகிறது. நீரும் உணவும் அவள் கொடுப்பது. கொடுக்காமல் விடவும் அவளால் முடியும்.

யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தீர்மானிக்கும் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) பெரும்பாலான இனங்களில் நிறமூர்த்தத்தின் ஒரே இடத்தில் நெருங்கி அமைந்திருக்கின்றன. அதை எஸ் இடம் என்பார்கள். அங்கே குறைந்தது இரண்டு பரம்பரையலகுகள் உண்டு. ஒன்று மகரந்தத்தின் அடையாளத்தை எழுதுகிறது, மற்றது பெண் பகுதியில் அந்த அடையாளத்தை வாசிக்கிறது. இரண்டும் நெருங்கியிருப்பதால் தலைமுறைக்குத் தலைமுறை பிரியாமல் சேர்ந்தே போகின்றன. இந்த இடத்துக்குப் பல எதிருருக்கள், அதாவது மாற்று வடிவங்கள், இருக்கின்றன. கோவா இனத்தில் மட்டும் ஐம்பதளவில் அறியப்பட்டுள்ளன. அவற்றை எஸ்1, எஸ்2, எஸ்3 என்று எண் போட்டு அழைக்கிறார்கள். ஒரு செடியிடம் இரண்டு இருக்கும், அதன் ஒவ்வொரு மகரந்தமணிக்கும் அவற்றில் ஒன்றுதான் போகும். மகரந்தத்தின் எண்ணும் குறியின் எண்ணும் ஒன்றானால் மறுப்பு.

ஏன் இத்தனை எதிருருக்கள் என்று கேட்டால், அதற்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. ஓர் ஊரில் எல்லாச் செடியும் எஸ்1, எஸ்2 வைத்திருக்க, ஒரே ஒரு செடி எஸ்9 வைத்திருக்கிறது என்று வையுங்கள். எஸ்9 மணியை எந்தக் குறியும் மறுக்காது. ஆகவே அது வேகமாகப் பரவும். பரவிப் பரவி எல்லாரிடமும் வந்த பிறகு அதன் வரவேற்பும் குறைந்துவிடும். அரிதாக இருப்பதே அங்கே பலம். அதனால்தான் இந்த எதிருருக்கள் எளிதில் அழிவதில்லை.

மறுக்கும் வழி எல்லாச் செடிக்கும் ஒன்றல்ல. மூன்று வழிகள் நன்றாக ஆராயப்பட்டிருக்கின்றன.

முதலாவது கோவா, முள்ளங்கிக் குடும்பம். இங்கே மறுப்பு குறியின் மேற்பரப்பிலேயே நடக்கிறது. மணியின் மேற்பூச்சில் எஸ்சிஆர் என்ற சிறிய புரதம் இருக்கிறது. குறியின் மெல்லிய விரல் போன்ற கலங்களின் மென்சவ்வில் எஸ்ஆர்கே என்ற வாங்கிப் புரதம் காத்திருக்கிறது. சாவியும் பூட்டும் போல இரண்டும் பொருந்தினால் கதவு மூடும்! பொருந்துவது என்றால் "இது நான்தான்" என்று பொருள். உடனே கலத்துக்குள் ஒரு சமிக்ஞை ஓடி, நீரையும் மற்றப் பொருட்களையும் மணிக்கு அனுப்பும் வேலை நிற்கிறது. மணி காய்ந்தபடியே கிடக்கும். முளைத்தாலும் குழாய் உள்ளே நுழையாது. எஸ்ஆர்கே 1991 இலும், எஸ்சிஆர் 1999 இலும் அறிவிக்கப்பட்டன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த மேற்பூச்சை மணி தானாகச் செய்வதில்லை. மகரந்தக்கூட்டின் உட்சுவர்க் கலங்கள் பூசி அனுப்புகின்றன. ஆகவே மணிக்குள்ளே எஸ்1 மட்டும் இருந்தாலும், அது தன் தாய்ச்செடியின் இரண்டு எதிருருக்களின் அடையாளத்தையும் சட்டை போலப் போட்டுக்கொண்டு வருகிறது. இது வித்தித்தாவரத் தன்னொவ்வாமை.

இரண்டாவது வழி புகையிலை, பெற்றூனியா இருக்கும் கத்தரிக் குடும்பத்துடையது. 1925 இல் புகையிலைச் சாதி இனங்களில் இது பரம்பரையாகச் செல்லும் விதி தெளிவாகியது. பெண் பகுதியில் வேலை செய்வது, புரதம் செய்யக் கலம் பாவிக்கும் ஆர்என்ஏயை வெட்டும் நொதியம் என்று 1989 இல்தான் தெரிந்தது. இங்கே குறி யாரையும் தடுப்பதில்லை. எல்லா மணியும் முளைக்கும், எல்லாக் குழாயும் தம்பத்துக்குள் இறங்கும். தம்பத்தில் அந்த நொதியம் நிறைந்திருக்கிறது, குழாய்க்குள்ளும் புகுகிறது. வேற்று மகரந்தக்குழாயிடம் அதை அழிப்பதற்கான புரதங்களின் தொகுதி ஒன்று இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். ஆனால் தன் சொந்த எஸ் நொதியத்தை அழிக்கும் புரதம் மட்டும் அந்தத் தொகுதியில் கிடையாது. ஆகவே சொந்தத் தம்பத்தில் இறங்கிய குழாயின் ஆர்என்ஏ வெட்டுப்பட்டு, பாதி வழியில் வளர்ச்சி நின்றுவிடும். மணி தன்னிடமுள்ள ஒற்றை எதிருருவின் பெயரிலேயே தீர்ப்புப் பெறுவதால் இது புணரித்தாவரத் தன்னொவ்வாமை. அப்பிள், பேரி, பம்ளிமாஸ் ஆகியவையும் இந்த நொதிய வழியைத்தான் பயன்படுத்துகின்றன.

மூன்றாவது வயற்பொப்பி. குறியின் புரதம் தன் மகரந்தத்தைத் தொட்டதும் சில செக்கன்களில் மகரந்தக்குழாய்க்குள் கல்சியம் பெருக்கெடுக்கிறது. நிமிடங்களில் வளர்ச்சி நிற்கிறது. பிறகு கலம் தன்னைத்தானே கொன்றுகொள்கிறது.

இந்த ஊரில் எவற்றில் பார்க்கலாம்

சந்தைக்கு வரும் கோவாவும் முள்ளங்கியும் மலைநாட்டுச் சரக்கு, நம் வெயிலில் அவற்றைப் பூக்கவைத்துச் சோதிப்பது சிரமம். நம் வசம் வேறு செடிகள் இருக்கின்றன. மஞ்சள் கொடித்தோடை முதலாவது. கடற்கரையில் அடம்பன் கொடி. வற்றாளைக் கிழங்கும் தன்னொவ்வாமை உள்ளதுதான், ஆனால் எல்லா இனமும் பூக்காது. அன்னாசிப் பழத்தில் விதை இல்லாததற்கும் இதுவே பெரிய காரணம்: ஒரே இனத்தை வயல் முழுக்க நடுகிறோம், அது தன் தூளை மறுக்கிறது. பக்கத்தில் வேறு இனம் இருந்து தூள் மாறினால் பழத்தில் கறுப்பு விதை கடிபடும்.

இவற்றோடு குழப்பக் கூடாதவையும் உண்டு. பூசணி, பாகல், பீர்க்கு ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ உதிர்ந்தால் தேனீ வரவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும். பப்பாசியில் ஆண் மரமே தனி. நெட்டைத் தென்னையில் ஒரே பாளையில் ஆண் பூக்கள் முந்தி விரிந்து முடிந்த பிறகே பெண் பூக்கள் தயாராகும். நேரத்தால் பிரிப்பது அது. நெல், தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவை தங்கள் தூளைத் தயங்காமல் ஏற்பவை. தக்காளியின் காட்டு உறவினங்கள் சில இன்னும் மறுக்கின்றன. நாம் பயிராக்கிய வழியில் அந்தக் குணம் போய்விட்டது.

படி 1: நாளையும் நேரத்தையும் தெரிவு செய்தல்

இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். மாரி மழையில் செய்யாதீர்கள். கொடித்தோடை மணியில் நீர் பட்டால் வெடித்துவிடும். தூள் வைத்த பின்னும் ஓரிரு மணி நேரமாவது மழை படக்கூடாது. கச்சான் காற்று அடித்துக் கொதிக்கும் நாட்களிலும் வேண்டாம், குறி சீக்கிரம் காய்ந்துவிடும். மழை ஓய்ந்து வெயில் இன்னும் ஏறாத மாசி, பங்குனி எனக்கு ஒத்து வந்தது.

மஞ்சள் இனத்தின் பூ நண்பகலில் விரிந்து இரவு ஒன்பது, பத்து மணிக்குள் மூடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு பிற்பகல். ஊதாப் பழ இனம் இதற்கு எதிர்: விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடும், பொதுவாகத் தன் தூளையும் ஏற்கும். உங்கள் கொடி எது என்று முதலில் நிச்சயப்படுத்துங்கள்.

படி 2: பூவை அருகில் போய்ப் பார்த்தல்

ஒரு நாள் சோதனை எதுவும் செய்யாமல், பன்னிரண்டு மணிக்கு ஒரு மொட்டின் முன் கதிரை போட்டு இருங்கள். நான் இருந்தேன். மொட்டின் நுனி தளர்ந்து, பச்சையும் வெள்ளையுமான இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்குச் சாயும். உள்ளே ஊதா அடியும் வெள்ளை நுனியுமாக நூல் வட்டம் சிலிர்த்துக்கொண்டு வெளியே வரும். நடுவில் ஒரு தூண். அதில் ஐந்து மகரந்தக்கூடுகள் குப்புறக் கவிழ்ந்து, மஞ்சள் தூளைக் கீழ்நோக்கிக் காட்டும். அவற்றுக்கு மேலே மூன்று தம்பங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சைப் பொத்தான் போல ஒரு குறி. விரிந்த கையோடு தம்பங்கள் மேல்நோக்கி நிற்கும். பிறகு மெல்ல மெல்ல வளைந்து இறங்கி, ஒரு மணி நேரமளவில் மகரந்தக்கூடுகளின் மட்டத்துக்கு வந்துவிடும்.

இந்த வளைவுதான் முக்கியம். சில பூக்களில் தம்பம் வளையாமல் நிமிர்ந்தே நிற்கும். அந்தப் பூக்களில் எவ்வளவு நல்ல தூள் வைத்தாலும் காய் பிடிப்பது அரிது. அவற்றைச் சோதனையில் சேர்க்காதீர்கள். கணக்கு பிழைத்துவிடும்.

வருகிறவர்களையும் பாருங்கள். சிறிய தேனீ கீழே தொங்கும் தூளைத் திருடிக்கொண்டு போகும், அதன் முதுகு குறிக்கு எட்டாது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு தேன் குடிக்கக் குனியும்போதுதான் முதுகு மகரந்தக்கூட்டிலும் குறியிலும் உரசும். வீட்டுக் கூரை வளையில் துளை போடுகிறது என்று அதை அடித்துக் கொல்கிறார்கள். கொடித்தோடை உள்ள வீட்டில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 3: சாமான்கள்

பழைய நுளம்பு வலையில் தைத்த சிறு பைகள், நூல், நான்கு நிறத்தில் கம்பளி நூல் அல்லது துணி நாடா, நுனி கூரான சாவணம், துடைக்க ஸ்பிரிற்றும் பஞ்சும், ஒரு கொப்பி. பொலித்தீன் பையைப் பாவிக்காதீர்கள், உள்ளே வியர்த்துத் தூள் நனையும்.

படி 4: நான்கு கூட்டம்

பூக்களை நான்கு கூட்டமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் பத்தாவது இருக்கட்டும். ஒரே நாளில் அத்தனை பூ விரியாது, ஒரு கிழமைக்குப் பரப்பிச் செய்யலாம். ஆனால் தினமும் நான்கு கூட்டத்திலும் சமமாகச் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க ஒரு கூட்டமும் மறுநாள் மற்றதும் செய்தால், வந்த வேறுபாடு பூவினாலா வெயிலினாலா என்று சொல்ல முடியாது.

வெள்ளை நாடா: காலை பத்து மணிக்கு மொட்டில் பை கட்டி, தொடாமல் விடுவது.

சிவப்பு நாடா: பை கட்டி, பூ விரிந்து தம்பம் வளைந்ததும் பையைக் கழற்றி, அதே கொடியின் தூளை மூன்று குறியிலும் பூசி, மறுபடி பை கட்டுவது.

நீல நாடா: காலையிலேயே மொட்டை மெல்லத் திறந்து, கூடுகள் வெடிக்குமுன் ஐந்தையும் சாவணத்தால் கிள்ளி எடுத்துவிட்டுப் பை கட்டி, பிற்பகலில் வேறொரு கொடியின் தூளைப் பூசுவது.

பச்சை நாடா: பையும் இல்லை, கையும் இல்லை. வண்டு வந்தபடி வரட்டும்.

பலர் வெள்ளையும் நீலமும் மட்டும் செய்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சிவப்பு இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கே பொருள் இல்லை. வெள்ளைப் பூ காய்க்கவில்லை என்றால், தூள் குறிக்குப் போகவில்லையா, போயும் மறுக்கப்பட்டதா என்று எப்படித் தெரியும்? தூளைக் கையால் கொண்டுபோய் வைத்த பிறகும் காய்க்கவில்லை என்றால்தான் மறுப்பு என்று சொல்லலாம்.

படி 5: தூள் பூசுதல்

கூட்டை விரல் நுனியில் தொட்டால் மஞ்சளாக ஒட்டும். அந்த விரலை மூன்று குறிகளிலும் மெல்லத் தேயுங்கள். ஒன்றை விட்டுவிடாதீர்கள். பழத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சாற்றுப் பையும் ஒரு விதையைச் சுற்றி இருப்பது. விதைக்கு ஒரு மகரந்தமணி வேண்டும். தூள் குறைந்தால் பழம் வெறும் கோதாக, லேசாக இருக்கும். பிரேசிலில் பெரிய தோட்டங்களிலும் ஆட்கள் வரிசையாக நடந்து இதைக் கையாலேயே செய்கிறார்கள்.

கொடிக்குக் கொடி மாறும்போது விரலை ஸ்பிரிற்றால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாகத் தொட்டால் ஸ்பிரிற் புதிய தூளையும் கொன்றுவிடும்.

நீல நாடாவுக்குத் தூள் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நான் முதலில் தவறினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆச்சியின் கொடி இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்துப் பூசினேன். சிவப்பும் உதிர்ந்தது, நீலமும் உதிர்ந்தது. கொடி உண்மையிலேயே மலடுதானோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. பிறகு ஆச்சியிடம் கேட்டேன், உங்கள் கொடி எங்கே வாங்கியது என்று. "வாங்கிறதா? உங்கட கொடியில ஒரு துண்டு வெட்டித்தானே நட்டனான்" என்றார். வெட்டி நட்ட துண்டு தாய்க்கொடியேதான். வேலியின் இரு பக்கமும் இரண்டு வேர், இரண்டு பந்தல், ஆனால் குறி வாசிக்கும் எண் ஒன்று. இரண்டு வீட்டிலும் காய் இல்லாததற்கு அதுதான் காரணம்.

செங்கலடியில் மாமா வீட்டில் விதையில் முளைத்த கொடி ஒன்று நின்றது. ஒரு நாள் அங்கே நண்பகலில் விரிந்த பூக்களைக் காம்போடு வெட்டி, ஈரமில்லாத சாப்பாட்டுப் பெட்டியில் கடதாசி விரித்து அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று மணிக்குள் பூசி முடித்துவிட்டேன். தூளை அன்றைக்கே பாவித்துவிடுங்கள்.

படி 6: எண்ணுதல்

மறுநாள் காலை பையைக் கழற்றலாம், பூ மூடியிருக்கும். மூன்றாம் நாள் தொட்டுப் பாருங்கள். மறுக்கப்பட்ட பூவின் காம்பு மஞ்சளாகி, விரல் பட்டாலே கழன்றுவிடும். ஏற்கப்பட்டதில் சூலகம் பச்சையாக இறுகி, நாளுக்கு நாள் பருத்து வரும். ஏழாம் நாள் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை வைத்தேன், எத்தனை நின்றது. உதிர்ந்த பூவையும் எழுதுங்கள், ஒன்றையும் மறைக்க வேண்டாம். பழம் பழுக்க இரண்டரை மாதமளவில் ஆகும், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் கொடியில் இந்த இரண்டாம் முறை சிவப்பு நாடாவில் ஒன்றும் நிற்கவில்லை. செங்கலடித் தூள் பூசிய நீலத்தில் பெரும்பாலானவை நின்றன.

படி 7: கணக்கை வாசித்தல்

வெள்ளையும் சிவப்பும் உதிர்ந்து நீலம் நின்றால் தன்னொவ்வாமை. வெள்ளை உதிர்ந்து சிவப்பு நின்றால், கொடிக்குத் தன் தூளில் வெறுப்பில்லை, கொண்டுபோய் வைக்க ஆள்தான் இல்லை. மூன்றும் நின்றால் உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. நீலம் நின்று பச்சை உதிர்ந்தால், பக்கத்தில் பொருத்தமான கொடி இல்லை, அல்லது கருவண்டு இல்லை.

நீலமும் உதிர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். என் போல ஒரே கொடியின் துண்டில் தூள் எடுத்திருக்கலாம். தூள் செத்திருக்கலாம். வெயில் கொளுத்தியிருக்கலாம். தூள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: 100 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீரில் 10 கிராம் சீனி கரைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு, தூளைத் தூவி, பாடசாலை நுணுக்குக்காட்டியில் அரை மணிக்கொரு தரம் பாருங்கள். சிட்டிகை போரிக் அமிலம் கிடைத்தால் சேர்க்கலாம், முளைத்தலுக்கு உதவும். காசித்தும்பைத் தூளைப் பக்கத்தில் இன்னொரு தட்டில் வையுங்கள். அது சில நிமிடங்களிலேயே குழாய் விடும், கரைசல் சரியா என்று அதிலேயே தெரிந்துவிடும். முதல் முறை அந்தக் குழாய் வெள்ளை நூல் போல நீண்டு வருவதைப் பார்க்கும் பிள்ளை, பிறகு மகரந்தத்தை வெறும் தூசு என்று சொல்லமாட்டாது.

அடம்பன் கொடியில் இன்னொரு சோதனை

வளவு இல்லாதவர்கள் கடற்கரைக்குப் போங்கள். கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில், பொத்துவில், எங்கும் மணலைப் பிடித்துக்கொண்டு அடம்பன் படர்ந்திருக்கிறது. இதுவும் தன் தூளை மறுக்கும் இனம் என்று ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. விடியலில் விரிந்து, அன்றைக்கே வாடிவிடும் ஊதாப் புனல்.

முதல் நாள் மாலையில், முறுக்கிக் கூர்மையாக நீண்டு நிற்கும் மொட்டு மறுநாள் விரியப் போவது. மெல்லிய கத்தரிக்கோலால் பக்கவாட்டில் கீறி, ஐந்து கூடுகளையும் எடுத்துவிட்டு, குளிர்பானக் குழாயில் ஒரு துண்டை நுனி மடித்துத் தொப்பி போலக் குறிக்கு மேல் மாட்டிவிடுங்கள். காலை ஆறு, ஏழு மணிக்குத் தொப்பியைக் கழற்றித் தூள் பூசி, திரும்ப மாட்டுங்கள். தன் தூள் பூசும் மொட்டுகளின் நுனியை முதல் மாலையே நூலால் கட்டிவிட்டால் பூச்சி நுழையாது. பிடித்த பூவில் உருண்டையான காய் வரும்; நிறைவாகப் பிடித்தால் உள்ளே நான்கு விதை. எத்தனை விதை என்றும் எண்ணுங்கள்.

இங்கேயும் தூள் எடுக்கும் இடம்தான் கண்ணி. அடம்பன் கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடுகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்கிறோம், ஆனால் அப்படித் திரண்டு கிடக்கும் ஒரு பரப்பு முழுவதும் ஒரே ஒரு செடியாகவே இருக்கலாம். இருபது அடி தள்ளிப் பறித்த பூ வேறு செடியின் பூ என்று நம்பாதீர்கள். சில நூறு மீற்றர் நடந்து, இடையில் வெறும் மணல் இருக்கிற இடத்தைத் தாண்டி எடுங்கள்.

மறுப்பைத் தாண்டும் வழி

கோவாக் குடும்பத்தில் குறியின் எஸ்ஆர்கே புரதம் பூ விரிவதற்குச் சற்று முன்புதான் சேர்கிறது. அதனால் விரிவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பே மொட்டைத் திறந்து தன் தூளைப் பூசினால் குறி ஏற்றுக்கொள்ளும். வாசிக்கும் கருவி அப்போது இன்னும் வைக்கப்படவில்லை. காபனீரொட்சைட்டைச் சில சதவீதத்துக்கு உயர்த்திய அறையிலும் மறுப்புத் தளர்கிறது. விதை உற்பத்தியாளர்கள் இப்படித்தான் தூய வரிசைகளைக் காப்பாற்றி, பிறகு இரண்டு வரிசைகளை மாறி மாறி நட்டு, ஒன்று மற்றதன் தூளை மட்டும் ஏற்க விட்டுக் கலப்பின விதை எடுக்கிறார்கள். பக்கெற்றில் வாங்கும் கலப்பினக் கோவா, முள்ளங்கி விதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இந்த மறுப்புதான் வேலை செய்திருக்கிறது.

வீட்டுக் கொடித்தோடைக்கு இவ்வளவு வித்தை தேவையில்லை. இரண்டாவது கொடி ஒன்று வேண்டும், அதுவும் சரியான கொடி. துண்டு வெட்டி நடாதீர்கள். ஒரே பழத்தின் விதைகளை நட்டாலும் முழு நிம்மதி இல்லை. உறவில்லாத இரண்டு பெற்றோர் எஸ்1எஸ்2, எஸ்3எஸ்4 என்றால், பிள்ளைகள் எஸ்1எஸ்3, எஸ்1எஸ்4, எஸ்2எஸ்3, எஸ்2எஸ்4 என்று நான்கு வகை. எஸ்1எஸ்3 கொடிக்கு முற்றிலும் வேறான சகோதரம் எஸ்2எஸ்4 மட்டும்தான். கொடித்தோடையின் மறுப்பு பெரும்பாலும் முன்பு சொன்ன சட்டை போட்ட வகையாகவே நடப்பதால், பாதிப் பொதுவான மற்ற இரண்டும் உதவாமல் போகலாம். ஆகவே வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வீட்டில் எடுத்த பழங்களிலிருந்து மூன்று, நான்கு நாற்று வைத்து, வேலி நெடுக இடைவிட்டு நடுங்கள்.

செங்கலடிப் பழத்தின் விதையில் வந்த நாற்று ஒன்றை எங்கள் பக்கமும், களுவாஞ்சிகுடியில் எடுத்த பழத்தின் நாற்று ஒன்றை ஆச்சியின் பக்கமும் வைத்தோம். வளர்ந்து பூத்ததும் வண்டு வந்த நாளில் வண்டு செய்கிறது, வராத நாளில் நான் செய்கிறேன். பகல் ஒரு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆச்சியின் குரல் வரும்: "பூ விரிஞ்சிற்று மனே, கெதியா வா."